பந்தை மறித்தது சேலையா?

இந்த வாரம் ஒரு இங்கிலீஷ் சினிமாவைப் பற்றி எழுதுகிறோம். கூலியும் பஞ்சப்படியும் பேச வேண்டிய இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் படியுங்கள். படத்தின் பெயர் ‘பெண்ட் இட் லைக் பெக்காம்’. 2002-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. வாலிபர்கள் இன்றும் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் சிரிக்கிற நேரம் பார்த்து நம் மடியில் ஒரு பொய்யை முடிந்து அனுப்பிவிட்டார்கள். அந்த முடிச்சைத்தான் இங்கே அவிழ்க்கிறோம்.

கதை இதுதான். லண்டனின் மேற்கு ஓரத்தில், தலைக்கு மேல் விமானங்கள் இரைந்து இறங்கும் ஹவுன்ஸ்லோவில் ஒரு சீக்கியக் குடும்பம். இளைய மகள் ஜெஸ். அவள் அறைச் சுவர் முழுக்கக் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் படம். எதிர் அணியார் தோளோடு தோள் சேர்த்து மதில்போல் நின்றாலும், பந்தை வளைத்து உதைத்து வலைக்குள் போடுவதில் அவர் சூரர். ஜெஸ்ஸுக்கும் அதே ஆசை. தாய்க்கோ, மகள் வட்டமாகச் சப்பாத்தி இட வேண்டும், முழுப் பஞ்சாபி விருந்தும் சமைக்கக் கற்க வேண்டும். வயசுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு நாலு பேர் முன் ஓடுவதா? பெண் ஒளித்து ஆடுகிறாள், பிடிபடுகிறாள், மறுபடி ஆடுகிறாள். அக்காள் கல்யாணமும் இறுதி ஆட்டமும் ஒரே நாளில் வந்து சேருகின்றன. தகப்பனார் மனம் இளகிப் போகச் சொல்கிறார். கல்யாண வீட்டிலிருந்து மைதானத்துக்கு ஓடிப் பந்தடித்து ஜெயித்து, திரும்பி வந்து கல்யாணத்திலும் ஆடுகிறாள். அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்று உதவிச் சம்பளத்தோடு கூப்பிடுகிறது. விமானம் ஏறுகிறாள். சுபம்.

இயக்கியவர் குரிந்தர் சாதா. மகளாகப் பார்மிந்தர் நாக்ராவும் தகப்பனாராக அனுபம் கேரும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். 2010 டிசம்பரில் வட கொரியத் தொலைக்காட்சிகூட இதை வெட்டிச் சுருக்கிக் காட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுகிறார்கள். ஒரு பக்கம் பாரம்பரியம், மறுபக்கம் லட்சியம், இரண்டுக்கும் நடுவே ஒரு பெண். படத்தின் உச்சக் காட்சியே இதற்குச் சாட்சி. கடைசி உதைக்கு ஜெஸ் நிற்கிறாள். எதிரே மதிலாக நிற்பது எதிர் அணிப் பெண்கள். ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிவதோ கல்யாணப் பட்டு உடுத்திய தாயும் அக்காளும் அத்தைமாரும்! அவர்கள் தலைக்கு மேலே பந்தை வளைத்துக் கோல் போடுகிறாள். கொட்டகையில் கைதட்டல்.

நாம் கைதட்டவில்லை. அந்த மதிலில் நிற்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களைக் காமிராவுக்குப் பின்னால் மறைத்துவிட்டு நம் தாய்மாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டது எந்தப் பஞ்சாபித் தாய்? பிரெஸ்டன் என்ற ஊரைக் கேளுங்கள். லங்காஷயரில் உள்ளது. பருத்தி ஆலைகளின் சீமை. நம் ஆலைத் தோழர்களின் தாத்தன்மார் காலத்திலிருந்தே காதில் விழுந்த பெயர். முதல் உலக யுத்தத்தின்போது ஆண்களைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுப் பெண்களைக் குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் நிறுத்தினார்கள். அங்கே டிக், கெர் கம்பெனியின் தொழிற்சாலைப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் முற்றத்தில் பந்து உதைத்து ஆட ஆரம்பித்தார்கள். 1917-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று பிரெஸ்டன் மைதானத்தில் இறங்கினார்கள். பத்தாயிரம் பேர் வந்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் அவர்கள் ஆடியபோது மைதானத்துக்குள் 53,000 பேர்! இடம் கிடைக்காமல் வாசலில் நின்றவர்கள் இன்னும் பல்லாயிரம். தொழிற்சாலைப் பெண்கள் ஆட்டத்துக்கு அத்தனை கூட்டம்!

வசூல் எங்கே போயிற்று? யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு. 1921-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்து தொழிலாளர் குடும்பங்களைப் பட்டினி போட்டபோது அந்தக் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடிப் பணம் திரட்டின. கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்களுக்கு வயிறு எரியத் தொடங்கியது. அதே 1921-ம் ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்லவாம்! வசூல் பணமும் ஒழுங்காகத் தர்மத்துக்குப் போகவில்லையாம்! ஆகவே சங்கத்தில் சேர்ந்த எந்தக் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக்கூடாது. இந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அமலில் இருந்தது.

மூன்று நான்கு வருஷத்துக்கு முன் யுத்தக் குண்டு செய்வதற்கு ஏற்றதாக இருந்த உடம்பு, பந்து உதைப்பதற்கு ஏற்றதல்லாமல் போன மாயம் என்ன? முதலாளிக்கு உழைக்கும்போது பெண்ணின் உடம்பு இரும்பு. தனக்காக ஓடும்போது அது கண்ணாடி! கண்ணாடி உடைந்துவிடுமே என்று கவலைப்படுவதற்குக் கனவான்கள் கமிட்டி போட்டுக் கூடுவார்கள்.

படத்திலேயே இன்னொரு உண்மை தலை காட்டுகிறது. தகப்பனார் ஏன் மகளைத் தடுக்கிறார்? அவர் நைரோபியில் பேர் பெற்ற கிரிக்கெட் பந்து வீச்சாளர். இங்கிலாந்துக்கு வந்தபோது வெள்ளையர் கிளப்புகள் அவர் தலைப்பாகையைப் பார்த்துச் சிரித்து வெளியே அனுப்பின. அந்தக் காயம் மகளுக்கும் வேண்டாம் என்பதுதான் அவர் தடை. மகளையும் மைதானத்தில் எதிர் அணிக்காரி ஒருத்தி இனப்பெயர் சொல்லித் திட்டுகிறாள். பொறுக்காமல் தள்ளிவிட்டதற்குத் தண்டனை யாருக்கு? ஜெஸ்ஸுக்கு! ஆக, தகப்பனார் பிடிவாதத்துக்குப் பாரம்பரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது நிறவெறி பட்ட அடி. இதைச் சொன்ன குரிந்தர் சாதாவைப் பாராட்டுகிறோம். ஆனால் சொல்லிவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டாரே! தகப்பனாரைத் துரத்திய கிளப்புக்குப் படத்தில் ஒரு முகம்கூட இல்லை. தாய்க்கு மட்டும் முகம், குரல், அழுகை, கரண்டி எல்லாம் இருக்கிறது.

அந்தச் சேலை கட்டிய அத்தைமார் மெய்யாகவே மதிலாக நின்ற இடங்கள் உண்டு. 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற போட்டோத் தொழிற்சாலையில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி வேலையைத் தூக்கியெறிந்து வெளியே வந்தார். ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். சேலையும் குளிர்ச்சட்டையும் கைப்பையுமாக இரண்டு வருஷம் தொழிற்சாலை வாசலில் நின்றார். சங்கம் வைக்கும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் பஸ் பிடித்து வந்து அவரோடு நின்றார்கள். தபால் தொழிலாளர்கள் கம்பெனியின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள். போராட்டம் 1978-ல் தோற்றது. நின்ற நிற்பு தோற்கவில்லை. பிறகு 2005 ஆகஸ்டில், படம் வந்து மூன்றே வருஷத்தில், ஜெஸ் வீட்டுக் கூரைமேல் விமானம் இறங்கும் அதே ஹீத்ரோ நிலையத்தில், விமானச் சாப்பாடு கட்டும் கம்பெனி ஒன்று சுமார் 670 பேரை வேலையிலிருந்து விரட்டியது. பெரும்பாலோர் பக்கத்துச் சௌத்தாலில் வசிக்கும் பஞ்சாபி மாதர். படத்தில் வரும் தாய் வயசுக்காரர்கள்! விமான நிலையத் தொழிலாளர்கள் அவர்களுக்கு ஆதரவாக வேலையை நிறுத்த, விமானங்கள் தரையில் நின்றன.

இந்தத் தாய்மாரை வைத்து யாராவது நகைச்சுவைப் படம் எடுத்தார்களா?

இனி நம் கரைக்கு வருவோம். லங்காஷயர் பெண்களுக்குச் சாப்பாட்டு வேளையாவது இருந்தது. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூட இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1908-ம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, ஹார்வி துரைமாரின் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே வார விடுமுறை கேட்டார்கள். மார்ச் முதல் வாரம் கடப்பதற்குள் துரைமார் இறங்கி வந்தார்கள். விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மறக்கிறார்கள். ஓய்வு நாள் கிடைத்த பிறகுதான் தொழிலாளி வீட்டில் பந்து உருள முடியும்.

நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேப்பலோடை, முள்ளக்காடு, ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் நம் சகோதரிகள் விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். உப்பு வெளிச்சம் கண்ணைத் தின்கிறது, உப்புத் தண்ணீர் பாதத்தைத் தின்கிறது. ஒதுங்க நிழல் இல்லை, ஒதுங்க மறைவும் இல்லை. தாய் இருட்டோடு எழுந்து அளத்துக்குப் போனால், வீட்டில் தாயாகிறவள் மூத்த பெண்பிள்ளை. தம்பியைக் குளிப்பாட்ட வேண்டும், குடம் தூக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வா என்றால் எப்படி வருவாள்? அவளைப் பிடித்து வைத்திருப்பது பாரம்பரியமா, வராத குழாய்த் தண்ணீரா, பக்கத்தில் இல்லாத பால்வாடியா?

பெண் என்றால் இன்னதுதான் செய்யலாம் என்பது நம் முன்னோர் வகுத்ததாம்! அப்படியானால் வடக்கே பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். இதே மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைமேல் ஆண்சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்குகிறார்கள். மூச்சடக்கி, பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு பாசி பறிக்கிறார்கள். எந்தப் பெரிய மனிதரும் வந்து இது குடும்பப் பெண்ணுக்கு அழகா என்று கேட்கவில்லை. அதே பெண்ணின் மகள் நீச்சல் போட்டிக்கு உடுப்பு மாட்டினால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். கூலிக்கு மூழ்கினால் குற்றமில்லை, கோப்பைக்கு நீந்தினால் குற்றம்!

‘பாரம்பரியம்’ என்ற சொல்லைக் காசாக்குவதில் நம் பஞ்சாலை முதலாளிகளுக்கு நிகர் யாரும் இல்லை. ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்ற பெயர்கள் ஆலைத் தோழர்களுக்குப் புதிதல்ல. தரகன் கிராமத்துக்கு வருவான். பெண்ணை மூன்று வருஷம் ஆலைக்கு அனுப்புங்கள், விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கைக்கு வரும், நகை போட்டுக் கட்டிக்கொடுக்கலாம் என்பான். தென்மாவட்டத்து விவசாயக் கூலிகளின் பெண்பிள்ளைகள் வண்டி வண்டியாகக் கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளுக்குப் போனார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை. விடுதி வாசலில் காவல். மூன்று வருஷம் முடியுமுன் உடம்பு கெட்டு வெளியேறியவளுக்குப் பல இடங்களில் மொத்தப் பணம் கிடையாது. 2011-ம் ஆண்டில் இந்த அவலம் உலக நாடுகளில் அறிக்கையாக வந்து சந்தி சிரித்தது. கல்யாணம் என்ற பெயரை ஒட்டி, பதினாறு பதினேழு வயசுப் பெண்களின் ஓடி ஆடும் வருஷங்களை நூலாக நூற்றுவிட்டார்கள். கவனியுங்கள் தோழர்களே, இங்கே பாரம்பரியம் ஆசையின் குறுக்கே நிற்கவில்லை. ஆலைக்கு ஆள் பிடிக்கும் தரகனாக வேலை பார்த்தது.

அப்படியானால் நம் வீட்டு ஆண்கள் யோக்கியர்களா என்று ஒரு சகோதரி கேட்டால் நமக்கு வாய் அடைத்துப் போகும். கேட்கத்தான் வேண்டும். வாசலில் நின்று உரிமை முழக்கம் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீருக்கு மகளைக் கூப்பிடுகிறோம். மகன் ஆடிவிட்டு வந்தால் ‘களைத்து வந்திருக்கிறான்’. மகள் ஆடிவிட்டு வந்தால் ‘ஊர் சுற்றிவிட்டு வருகிறாள்’. இதைச் சுரண்டல் அமைப்பின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. அந்தப் படத்தின் தகப்பனார் தன் காயத்தைச் சொல்லி ஒப்புக்கொண்டு மகளை விட்டார். அந்த அளவு நேர்மை நமக்கும் வேண்டும்.

நம் ஜில்லா விளையாட்டுக்கு ஏழையல்ல. மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அவர் வாழ்வைத் தழுவி 2025-ல் மாரி செல்வராஜ் ‘பைசன்’ படம் எடுத்தார். தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போன கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பேர் போன ஊர். மாரீஸ்வரன் சக்திவேல் அங்கிருந்து இந்திய அணிக்குப் போனார். சந்தோஷம். ஆனால் அந்தத் தீப்பெட்டிக் கட்டடங்களில் பெட்டி அடைத்து விரல் தேய்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெண்கள் உழைத்த ஊரில் பேர் வாங்கி வந்தவர்கள் பிள்ளையாண்டான்கள்.

தமிழிலும் இத்தகைய படம் வந்திருக்கிறது. 2018-ல் அருண்ராஜா காமராஜ் எடுத்த ‘கனா’. குளித்தலை விவசாயியின் மகள் கிரிக்கெட் ஆடி இந்திய அணிக்குப் போய் ஜெயிக்கிறாள். இந்தப் படம் கடனைக் காட்டுகிறது, வீட்டைப் பூட்டும் பேங்கைக் காட்டுகிறது. ஜெயித்த பெண் விவசாயிக்காக வாய் திறக்கிறாள். லண்டன் படத்தைவிட ஒரு படி மேல். ஆனாலும் அவள் நிலம் உள்ளவரின் மகள். அந்த நிலத்தில் குனிந்து நாற்று நட்ட கூலிக்காரியின் மகளுக்கு மட்டை கொடுக்க நம் சினிமாவுக்கு இன்னும் மனம் வரவில்லை.

அப்படி ஒருத்தி மெய்யாகவே வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பால் பரிசோதனை என்று சொல்லி மெடலைப் பறித்தார்கள். ஓடுகிற கால்களை நம்பியவளை உலகத்தின் முன் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். பின்னால் அவரும் சூளைக்கே வேலைக்குப் போக நேர்ந்தது. பயிற்சியாளர் வேலை நிரந்தரமாகக் கைக்கு வரப் பத்து வருஷம் ஆயிற்று. எந்தத் தாய் மறித்தாள் இவரை? எந்தச் சேலை குறுக்கே நின்றது?

முத்துக்குளிப்பில் மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன் பிடிப்பான் என்று நம் கரையில் சொல்வார்கள். தங்கை தாலி அறுக்கச் சம்மதிக்காதவன் அவன் ஒருவன்தானாம். 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பே நின்றுபோயிற்று. கயிறு பிடிக்கிற பாடம் மட்டும் நமக்கு மிச்சம். ஜெஸ் விமானம் ஏறித் தப்பினாள். நம் பெண்களுக்கு விமானம் வராது. உள்ளூரில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, அவர் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறாரா என்று கேளுங்கள். ஊர்ப் புறம்போக்கில் மைதானத்துக்கு விட்ட இடம் யார் வேலிக்குள் இருக்கிறது என்று விசாரியுங்கள். பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை, கக்கூஸ், பொழுது சாய்ந்தால் எரிய இரண்டு விளக்கு. அளத்துத் தாய்மார் திரும்பும் வரை குழந்தைகளைப் பார்க்கும் பால்வாடி. இவ்வளவும் எழுதி எடுத்துக்கொண்டு மே 1 அன்று கூடும் கிராம சபைக்குப் போங்கள். அன்றைக்கு விட்டால் ஆகஸ்ட் 15. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே எழுந்து படிக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.